எங்களுக்கு ஒரே பொண்ணு

மகன் ரித்திக்கின் காதலைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து முறுக்கிக்கொண்டு திரிந்த மங்கையர்க்கரசி, போன வாரம்தான் ஒருவழியாக இறங்கி வந்தாள். பெண்ணுக்கு அரசாங்க வேலை, படித்த குடும்பம், வீட்டுக்கு ஒரே பிள்ளை என்றெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டதும் அவள் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. பெண் வீட்டாரை லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தில் சந்திப்பது என்று முடிவாயிற்று.

மங்கையர்க்கரசி கணவனை இழந்தவள். பேச்சுவார்த்தைக்குத் தாய்மாமன் உட்கார வேண்டும் என்பதால் தம்பி அசோக்கை அழைத்தாள். தம்பியை அழைத்தால் தம்பி மனைவி திவ்யதர்ஷினியையும் அழைத்துத்தானே ஆக வேண்டும்? அழைத்தாள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் டீச்சர் என்று மட்டும் சொல்ல வேண்டுமாம். எந்தப் பள்ளி, எந்த மாதிரிப் பிள்ளைகள் என்று விளக்கக் கூடாதாம். "நல்ல காரியம் பேசுற இடம் திவ்யா. அதையெல்லாம் அங்க எதுக்கு இழுக்கணும்?" என்றாள்.

திவ்யா எதிர்த்துப் பேசவில்லை. உடம்பாலும் அறிவாலும் மற்றவர்களைப் போல இயங்க முடியாத பிள்ளைகள் படிக்கும் சிறப்புப் பள்ளியில் அவள் ஆசிரியை. வகுப்பில் பிள்ளைகளுக்கு டயப்பர் மாற்றுவதும் அவள் வேலைதான் என்று தெரிந்த நாள் முதல், மங்கையர்க்கரசி அண்ணி தன் வீட்டுச் சமையலறையில் அவளை ஒரு வெங்காயம்கூட நறுக்க விட்டதில்லை. "நீ உட்காரு, களைச்சுப் போயிருப்ப" என்று தேன் ஒழுகச் சொல்லிக் கத்தியை வாங்கிவிடுவாள். திவ்யாவும் பழகிப்போய் ஹாலில் உட்கார்ந்துவிடுவாள்.

ஆனால் சந்திப்பு நாளன்று காலையில் நடந்ததைப் பழகிப்போனது என்று ஒதுக்க முடியவில்லை.

காலையில் மதுசன் ஒரு பெரிய காரியம் செய்திருந்தான். மதுசனுக்குப் பத்து வயது. மூளை முடக்குவாதத்தால் கைகால்கள் விறைத்தே இருக்கும். பேச்சு வராது. சக்கர நாற்காலியின் முன்தட்டில் ஒட்டியிருக்கும் படங்களில் எதைப் பார்க்கிறானோ அதுதான் அவனுக்கு வேண்டும் என்று அர்த்தம். பிடி தடித்த கரண்டி ஒன்றை அவன் கையில் கொடுத்து மாதக்கணக்காகப் பழக்கி வந்தாள் திவ்யா. அன்றுதான் அந்தக் கரண்டி தட்டிலிருந்து கிளம்பி, கோணல்மாணலாகச் சுற்றி, அவன் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. பாதிக் கஞ்சி கழுத்துத் துணியில்தான் விழுந்தது. மீதியை விழுங்கிவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் முகம், துணி, முன்தட்டு எல்லாம் எச்சில். திவ்யா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு கூடச் சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் விருந்தினர்கள் வந்தார்கள். ஏதோ மாதர் சங்கம் பொம்மைகள் கொடுக்க வருகிறது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். எந்தச் சங்கம் என்று திவ்யா கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்த பட்டுப்புடவைக் கூட்டத்தின் நடுவே மங்கையர்க்கரசி அண்ணி நின்றாள்.

திவ்யா வாய் நிறைய "அண்ணி" என்று கூப்பிடப் போனாள். அதற்குள் அவள், "குட் மார்னிங் டீச்சர்" என்று முந்திக்கொண்டாள். முன்பின் தெரியாதவரைப் பார்க்கிற பார்வை. பக்கத்தில் இருந்த பெண்மணிகளுக்கு இவள் தன் தம்பி மனைவி என்று தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

பொம்மைப் பெட்டிகளைப் பிரித்தார்கள். விரல் நகம் அளவுத் துண்டுகளை இணைத்துப் படம் ஆக்குகிற விளையாட்டு. ஒரு பந்தைப் பிடிக்கவே பாடுபடும் பிள்ளைகளுக்கு அதை யார் தேர்ந்தெடுத்தார்களோ. பளபளப்பு என்றால் மதுசனுக்கு உயிர். அண்ணியின் ஜரிகை முந்தானை பக்கத்தில் வந்ததும் கையை வீசி அதைப் பிடித்துக்கொண்டான்.

அண்ணி எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தாள். முந்தானையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, அவன் தோளைச் சுற்றி, ஆனால் தோளில் படாமல், கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை உயர்த்தினாள்.

பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். திவ்யா அதை மறுபடி சொன்னாள்.

"ஓ, சாரி டீச்சர். டெலீட் பண்ணிடறேன்லா," என்றாள் அண்ணி.

அவர்கள் போன பிறகு, திவ்யா தற்செயலாகச் சன்னல் வழியே நடைபாதையைப் பார்த்தாள். அண்ணி ஈரத்தாளை உருவி, ஒவ்வொரு விரலாக, விரல் இடுக்கு இடுக்காகத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்து மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு தாளை உருவினாள்.

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எச்சிலோ சளியோ மலமோ திவ்யாவைக் குமட்டியதில்லை. அந்த மோந்து பார்த்தல் குமட்டியது.

மாலையில் ரயிலில் வரும்போது அசோக்கிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். அக்கா அப்படித்தான் என்பது தெரிந்த விஷயம்தானே என்றான். இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள் என்றான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் சொல்லிவந்த எல்லா 'ஒரு நாள்'களும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருந்த அந்த உணவகத்தின் மாடி அறைக்கு அண்ணி, ரித்திக்கோடு அவர்கள் ஏறிப் போனபோது பெண் வீட்டார் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா இராஜரத்தினம் எழுந்து வந்து அசோக்கின் கையைக் குலுக்கினார். பெண் வினுஷா மெலிதாகச் சிரித்துக் கைகூப்பினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்ததும் திவ்யாவுக்குக் கால் நின்றுவிட்டது.

மதுசனின் அம்மா.

பள்ளிக் கூட்டங்களுக்கு ஒன்று விடாமல் வருகிறவர். எப்போதும் தனியாகத்தான் வருவார். மகனுக்கு இடுப்பை எப்படிப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று திவ்யாவின் கையைப் பிடித்தே கற்றுக்கொண்டவர். போன கூட்டத்தில் அவன் படத்தைப் பார்த்து "அம்மா" என்று கண்ணால் காட்டியதாகச் சொல்லி அழுதவர். இப்போது பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்த இராசேஸ்வரியின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. ஆசிரியையின் கண்களைப் பார்த்துத் தலையை ஒரே ஒரு முறை, மிக இலேசாக, இல்லை என்பதுபோல் அசைத்தார்.

திவ்யா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வணக்கம் சொன்னாள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிற வணக்கம். காலையில் அண்ணி தனக்குச் செய்ததையே தான் இன்னொருத்திக்குச் செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

பெரிய சட்டியில் மீன் தலைக் கறி வந்தது. இராஜரத்தினம்தான் பேசினார். கலகலப்பான மனிதர். சுவா சூ காங்கில் வீடு வாங்கிய கதை, மகள் படிப்பில் எப்போதும் முதலாவதாக வந்த கதை எல்லாம் சொன்னார். மீனின் கன்னத்துச் சதையைத் தோண்டி எடுத்து அண்ணியின் தட்டில் வைத்தபடி, "எங்களுக்கு ஒரே பொண்ணு. எங்களுக்குன்னு இருக்கிறதெல்லாம் இவளுக்குத்தான்," என்றார்.

இராசேஸ்வரி மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வினுஷா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா மேசைக்கடியில் அவள் தொடையை அழுத்தியிருக்க வேண்டும். கரண்டி மறுபடி நகர்ந்தது.

திவ்யா கை கழுவப் போனபோது இராசேஸ்வரி வந்து பக்கத்தில் நின்றார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினார். வினுஷாவுக்கு முன்பு வந்த ஒரு சம்பந்தம் மதுசனைப் பார்த்ததும் கலைந்துவிட்டதாம். அதிலிருந்து யாரும் அவனைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று கணவரின் உத்தரவாம். கல்யாணம் முடியட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாராம். "சொல்லிடாதீங்க டீச்சர். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"என் வாயிலேர்ந்து வராதும்மா. பிள்ளையைப் பத்தி வெளியில பேச எங்களுக்கு உரிமை கிடையாது," என்றாள் திவ்யா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா இன்னைக்குக் காலையில அவன் தானா கரண்டியைப் பிடிச்சுச் சாப்பிட்டான். அதைச் சொல்லணும்னு நினைச்சேன்."

இராசேஸ்வரி ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இருவரும் தனித்தனியாக மேசைக்குத் திரும்பியபோது பேச்சு தான தருமத்தில் வந்து நின்றிருந்தது. தங்கள் குடும்பம் வெறும் காசு பணம் பார்க்கிற குடும்பம் இல்லை என்று காட்ட அண்ணிக்கு ஆசை. சங்கத்தின் சார்பில் காலையில் ஒரு பள்ளிக்குப் போய் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். திவ்யா சட்டென்று குறுக்கிட்டு, சாப்பாடு ஆறுகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அண்ணி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைத்தொலைபேசியைத் திறந்து மகனிடம் நீட்டி, அவங்களுக்குக் காட்டு என்றாள்.

ரித்திக் வாங்கிப் பார்த்தான். அவன் முகம் மாறியதைத் திவ்யா கவனித்தாள், ஆனால் ஏன் என்று அப்போது புரியவில்லை. அவன் எதுவும் பேசாமல் இராஜரத்தினத்திடம் நீட்டினான்.

"கையெல்லாம் ஒரே எச்சில்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அண்ணி. "பாவம்தான், இல்லேங்கல. ஆனா ஒரு வாடை வரும் பாருங்க. வீட்டுக்குப் போய்த் தலையோட குளிச்சுட்டுத்தான் சாமி விளக்கையே தொட்டேன். பெத்தவங்க போன பிறவியில என்ன செஞ்சாங்களோ."

இராஜரத்தினம் படத்தைப் பார்த்தார். பெற்ற பிள்ளையின் முகம் அது. கஞ்சி ஒட்டிய உதட்டோடு, மினுக்குகிற புடவையைப் பார்த்த சந்தோஷத்தில் இருக்கிற முகம். அவர் வாயில் இருந்த மீன் முள்ளை விரலால் எடுத்துத் தட்டோரம் வைத்தார்.

"நல்ல சேவை செய்றீங்க," என்றார். "எல்லாருக்கும் இந்த மனசு வராது."

திவ்யா வாயில் இருந்த சோற்றை விழுங்க முடியாமல் காகிதத்தில் துப்பினாள். உலகத்தில் அவள் துடைத்த எந்த அசிங்கமும் இவ்வளவு நாற்றம் அடித்ததில்லை.

அவர் கையிலிருந்து கைத்தொலைபேசி இராசேஸ்வரிக்குப் போயிற்று. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அடுத்த ஆளுக்கும் நகர்த்தவில்லை. மகனின் கன்னத்தின் மேல் கட்டைவிரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வினுஷா எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அம்மாவின் விரலை மெதுவாக விலக்கி, கைத்தொலைபேசியை எடுத்து மேசையின் நடுவே எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள்.

"இது என் தம்பி, அன்ட்டி. பேரு மதுசன்," என்றாள்.

கீழே தெருவில் பேருந்து ஒன்று பிரேக் போடும் சத்தம் கேட்டது.

முதலில் வாயைத் திறந்தது அண்ணிதான். அவள் பெண்ணையோ பெற்றவர்களையோ கேட்கவில்லை. திவ்யாவைப் பார்த்தாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், என் வகுப்புப் பிள்ளை என்றாள் திவ்யா. கூடவே இருந்து குழி பறிக்கிறாயே என்று அண்ணி பல்லைக் கடித்தாள். அவள் கோபமெல்லாம், ஊரார் முன்னால் தன்னை இப்படி முட்டாளாக்கிவிட்டார்களே என்பதுதான். அந்தப் பிள்ளையைப் பற்றித் தான் என்ன சொன்னோம் என்பது அவள் நினைப்பிலேயே இல்லை.

வினுஷா அவளைக் கவனிக்கவே இல்லை. ரித்திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வீட்டுக்கு வந்திருக்க. அவனுக்கு ஐஸ்கிரீம் ஊட்டியிருக்க. ஃபோட்டோ முதல்ல உன் கையிலதான் வந்துச்சு. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"இப்ப வேணாம் வினு. அப்புறம் தனியா பேசலாம்," என்றான் ரித்திக். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். தட்டில் ஈ விழுந்ததைப் பார்க்கிற முகம். பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். இராசேஸ்வரி எழுந்தார். உட்காரு என்று கணவர் சொன்னது காதில் விழாதது போல மகளின் பின்னால் போனார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் திவ்யா நினைத்தாள். முடியவில்லை. இராஜரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை அண்ணியின் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நீங்க தப்பா நினைக்கக் கூடாது. அந்தப் பையனால உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது," என்றார். "மலேசியாவுல, ஜொகூர்ல தெரிஞ்சவர் ஒருத்தர் இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஹோம் நடத்துறார். பேசி முடிச்சாச்சு. வீட்ல இன்னும் சொல்லல. கல்யாணத்துக்கு வர்றவங்க கண்ணுல அவன் படவே மாட்டான்."

அண்ணி யோசித்தாள். நிரந்தரமாகவா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் தள்ளி வைத்திருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

திவ்யா ரித்திக்கைப் பார்த்தாள். இவனாவது எழுந்து நிற்பான் என்று ஒரு நப்பாசை. அவன் தோள்கள் தளர்ந்து, மூச்சு சீராகி, முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நிம்மதி. அதைவிடக் கேவலமான ஒன்றை அந்த மேசையில் அவள் பார்க்கவில்லை.

பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அசோக் பொதுவாகச் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் குழம்பை ஊற்றிக்கொண்டான். திவ்யா எழுந்து, வர்றீங்களா என்று கேட்டாள். அவன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

அவள் மட்டும் இறங்கிப் போனாள்.

அம்மாவும் மகளும் நடைபாதை ஓரத்தில் டாக்சிக்காக நின்றிருந்தார்கள். வினுஷாவின் கண்கள் சிவந்திருந்தன. இராசேஸ்வரி அழவில்லை. நாங்கள் வந்த பிறகு உள்ளே அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். குடும்ப விஷயம், இதில் ஓர் ஆசிரியை தலையிட முடியாது என்று ஒதுங்கியிருக்கலாம். திவ்யாவுக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள். அவள் ஜொகூர் ஹோம் விஷயத்தை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"நாளைக்குப் பள்ளி லீவு தொடங்குதுல்ல, மலேசியாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு," என்றார் இராசேஸ்வரி. "முதல் தடவையா அவனை வெளியில கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரேன்னு நானும் சந்தோஷப்பட்டேன்."

டாக்சி வந்தது. திவ்யாவும் ஏறிக்கொண்டாள். ஏன் ஏறினோம் என்று அவள் யோசிக்கவில்லை. கதவைச் சாத்தும்போது அசோக் உணவக வாசலில் வந்து நின்று கையை உயர்த்துவது தெரிந்தது. நிறுத்தவா என்று ஓட்டுநர் கேட்டார். வேண்டாம், போங்கள் என்றாள்.

விரைவுச்சாலையில் ஏறும்போது இராசேஸ்வரியின் கைத்தொலைபேசி அடித்தது. வீட்டில் மதுசனைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண். ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பெண் மூச்சு வாங்கப் பேசினாள். சார் கேட்டுக்கொண்டபடி மதுசனின் துணிமணியை மத்தியானமே பையில் கட்டி வைத்துவிட்டாளாம். நாளைக் காலையில் என்றுதான் சொல்லியிருந்தாராம். இப்போது திடீரென்று கூப்பிட்டு, தன் கூட்டாளி ஒருவர் வேனோடு கீழே வந்திருக்கிறார், பையனை உடனே இறக்கு என்கிறாராம். மேடமுக்குத் தெரியும்தானே என்று கேட்டாள். பின்னால் யாரோ கதவைத் தட்டுவது டாக்சிக்குள் தெளிவாகக் கேட்டது.

சாயங்காலம் முழுவதும் குரல் எழும்பாமல் இருந்த இராசேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கதவைத் திறக்காதே," என்றார். "அவரே வந்து நின்னாலும் திறக்காதே. நான் வந்துக்கிட்டிருக்கேன்னு என் மகன்கிட்ட சொல்லு."